மனக்காயத்துக்குச் சிகிச்சை: சேலத்தில் பெரியவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் பல வருடங்களாகப் பெரியவர்களுக்கு மனநல ஆலோசனை தந்து வருகிறேன். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் இருந்து வருகிறவரும், அம்மாப்பேட்டைத் தறிக்காரரும், ஏற்காட்டு எஸ்டேட்டில் இருந்து காலை பஸ் பிடித்து இறங்கி வருகிறவரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டு வாசலோடு திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் உதாரணங்கள் எல்லாம் பலருடைய அனுபவங்களைக் கலந்து, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியவை.

மனக்காயம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

உயிருக்கோ உடம்புக்கோ மானத்துக்கோ ஆபத்து வந்து, அந்த நேரத்தில் தப்பிக்கவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போயிருக்கும். சம்பவம் முடிந்த பிறகும் அதன் பாதிப்பு உடம்பிலும் மனதிலும் தங்கிவிடும். அதைத்தான் சொல்கிறேன். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பிழைத்தவருக்கு இருக்கலாம். புருஷனிடம் வருடக்கணக்கில் அடி வாங்கியவருக்கு, சின்ன வயதில் நெருங்கிய சொந்தக்காரராலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவருக்கு, சாதிப் பேர் சொல்லி ஊர் நடுவில் அடிக்கப்பட்டவருக்கு, பிரசவத்தின்போது கேவலமாக நடத்தப்பட்டவருக்கு இருக்கலாம்.

ஒரே நாளில் நடந்ததாக இருக்கலாம், பத்து வருடம் தினமும் நடந்ததாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையைத்தான் பலரும் காயமாகவே கணக்கில் எடுப்பதில்லை. "எங்க வீட்டுல எப்பவுமே அப்படித்தாங்க" என்று ஒரே வரியில் கடந்து போவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய 11ஆவது பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. நீண்ட காலக் கொடுமையால் வரும் பாதிப்பு அதில் தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பயத்தோடு சேர்ந்து, தன்னையே கேவலமாக நினைப்பது, கோபத்தையும் அழுகையையும் அடக்க முடியாமல் தவிப்பது, யாரிடமும் ஒட்ட முடியாமல் போவது ஆகியவையும் இதில் உண்டு.

எனக்கு இருப்பது அதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்களே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள். நடந்தது மறுபடி இப்போதே நடப்பது போலக் கண்முன் வருகிறதா? அதே கனவு திரும்பத் திரும்ப வருகிறதா? அந்த இடம், அந்தப் பேச்சு, அந்த ஆள் எதுவும் எதிர்ப்படாதபடி வாழ்க்கையையே சுருக்கிக்கொண்டீர்களா? பாத்திரம் விழுந்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறதா? ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் ஒருவரைப் பார்ப்பது நல்லது.

விபத்தில் தப்பிய ஒரு டிரைவர், லாரியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். விபத்தை மறந்துவிட்டதாகத்தான் அவரும் நினைத்திருந்தார். மலைப்பாதையில் பஸ் இறங்கும்போது பிரேக் சூடாகிற வாடை அடித்தால் போதும், கை சில்லிட்டுவிடும், காது அடைத்துக்கொள்ளும், அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார். இதயத்தில் கோளாறு என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். பலரும் அப்படித்தான் வருகிறார்கள். கேஸ் தொல்லை, தலைவலி, நரம்புத் தளர்ச்சி என்று வருடக்கணக்கில் வேறு வேறு டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார்கள். உடம்பை ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது சரிதான். எல்லாம் நார்மல் என்று சொன்ன பிறகும் தொல்லை தொடர்ந்தால் இந்தப் பக்கமும் யோசியுங்கள்.

கஷ்டப்பட்ட எல்லோருக்கும் இது வந்துவிடுமா?

வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படிப்பட்ட சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் பி.டி.எஸ்.டி. என்கிற, மனக்காயத்துக்குப் பிறகு வரும் மன அழுத்த நோய் வருகிறது. வருவதும் வராததும் மனத்திடத்தைப் பொறுத்தது என்று நினைப்பது அநியாயம். எவ்வளவு காலம் நடந்தது, எந்த வயதில் நடந்தது, செய்தவர் அந்நியரா சொந்தமா, நடந்த பிறகு பக்கத்தில் யாராவது நின்றார்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு எடை அதிகம். நடந்ததைச் சொன்னபோது வீட்டில் நம்பவில்லை என்பதுதான் பலருக்கு நடந்ததைவிட ஆழமாக வலிக்கிறது.

சாதாரண கவுன்சிலிங்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று, காயம்பட்டவர் என்பதை மனதில் வைத்து நடந்துகொள்ளும் முறை. இது சிகிச்சையாளருக்கு மட்டும் உரியதில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ், பல் டாக்டர், போலீஸ் என யாரும் கடைப்பிடிக்கலாம், கடைப்பிடிக்க வேண்டும். 'உனக்கு என்ன கோளாறு' என்று பார்க்காமல், 'உனக்கு என்ன நடந்தது' என்ற இடத்தில் இருந்து பார்ப்பது. பாதுகாப்பு, ஒளிவுமறைவு இல்லாமை, உங்கள் விருப்பத்தைக் கேட்டு நடப்பது ஆகியவை இதன் அடிப்படை.

இன்னொன்று, அந்தக் காயத்துக்கென்றே உள்ள சிகிச்சைகள். இவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவதைச் செய்தால் பலன் இருக்காது. அவசரப்படுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகவும் ஆகலாம்.

முதல் நாளே நடந்ததை எல்லாம் சொல்லியாக வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள். முதல் நாள் மட்டுமில்லை, உங்களுக்கே சொல்லத் தோன்றுகிற வரை சொல்லவே வேண்டாம். ஸ்டேஷனில் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, பஞ்சாயத்தில் ஒரு தடவை, சொந்தக்காரர்களிடம் பத்துத் தடவை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து போய்த்தான் பலர் வருகிறார்கள். இங்கே பதினான்காவது தடவையாகச் சொல்ல வைப்பதில் எந்தச் சிகிச்சையும் இல்லை. சம்பவம் நடந்த கையோடு ஆளை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிற பழைய வழக்கம் நோயைத் தடுப்பதில்லை, அதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013இல் வழிகாட்டியது.

ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்குகிற டிரைவர் கியரைக் குறைத்து, ஒவ்வொரு வளைவாகத்தான் எடுப்பார். சிகிச்சையின் வேகமும் அதுதான். ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், சிகிச்சையாளர் பக்கத்து சீட்டில் இருப்பார்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், உள்ளே வந்ததும் எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்பேன். கதவுக்கு முதுகு காட்டி உட்காரப் பலருக்கு முடியாது. கதவைச் சாத்தலாமா, கொஞ்சம் திறந்து வைக்கலாமா என்று கேட்பேன். தாழ்ப்பாள் போடுகிற சத்தமே ஒருவருக்குப் போதுமான கொடுமையாக இருக்கலாம். பெண் ஆலோசகர்தான் வேண்டும் என்றால் தயங்காமல் சொல்லலாம். நோட்டில் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கலாம். அழுதால் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்ல மாட்டேன், கேட்காமல் தொடுவது இந்த அறையில் கிடையாது. பேச்சு போதும் என்றால் வாயால் சொல்லக்கூட வேண்டியதில்லை, உள்ளங்கையை மேஜைமேல் வைத்தால் நிறுத்திவிடுவோம். இதெல்லாம் வெறும் மரியாதைக்காகச் செய்வது என்று சிலர் நினைக்கிறார்கள். சம்பவம் நடந்த அன்றைக்குக் காயம்பட்டவர் கையில் எந்த முடிவும் இல்லாமல் போனது, இங்கே சின்னச் சின்ன விஷயங்களில் அந்த உரிமை திரும்பக் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தறிக் குடும்பத்து அம்மா ஒருவர் வந்த முதல் சில வாரங்கள் தறியைப் பற்றி மட்டும்தான் பேசினார். பாவு, ஊடை, ஓடுகிற தறியில் நூல் அறுந்தால் சட்டென்று முடிச்சுப் போடுகிற விதம், கூலி. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் அவராகவே, "இதுக்கு நடுவுல ஒண்ணு இருக்குங்க" என்று ஆரம்பித்தார். அன்றும் பாதிதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

சொல்லாமலே இருந்தால் அப்புறம் என்னதான் செய்வீர்கள்?

பொதுவாக மூன்று கட்டமாகப் போகும். முதலில் பாதுகாப்பும் நிதானமும். இப்போதும் அடி வாங்குகிற வீட்டில் இருந்தால், பழைய நினைவைத் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். எங்கே போகலாம், யார் துணை, 181 பெண்கள் உதவி எண்ணை எப்போது அழைப்பது என்று பேசுவோம். தூக்கம், சாப்பாடு, படபடப்பு வரும்போது செய்ய வேண்டியவை எல்லாம் இதில் அடங்கும். உதாரணமாக மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிப் பாருங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, அறையில் கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள். இன்று என்ன தேதி, நான் இருப்பது அஸ்தம்பட்டி, இப்போது என் வயது நாற்பத்திரண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அன்றைய நாளுக்கு இழுத்துப் போகிற மனதை இன்றைய நாளுக்குக் கொண்டுவருவதற்கு இது உதவுகிறது.

அடுத்ததுதான் நினைவைத் தொடுகிற கட்டம். பெரியவர்களுக்கு நன்றாக ஆராயப்பட்ட சிகிச்சைகள் சில உண்டு. அந்த நினைவையும், தவிர்த்துக்கொண்டே இருக்கிற இடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பது ஒன்று. இது பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வு வரை போகும். 'என் தப்புதான்', 'நான் கத்தியிருக்கணும்', 'யாரையும் நம்பக் கூடாது' என்று உள்ளே உறைந்து போன முடிவுகளை எடுத்துச் சோதிப்பது இன்னொன்று. இதற்கு வழக்கமாக 12 அமர்வு. இதில் நடந்ததை விவரமாகச் சொல்லாமலும் செய்யும் வகை இருக்கிறது.

'நான் ஏன் கத்தவில்லை' என்பதற்கு இங்கேயே ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆபத்து வரும்போது உடம்பு எதிர்க்கும், ஓடும், இரண்டும் முடியாது என்று பட்டால் அப்படியே உறைந்துவிடும். உறைவது யோசித்து எடுக்கிற முடிவு கிடையாது. சம்மதம் என்று அதற்குப் பொருளும் கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் இருபது வருடம் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, விட்டுப் போன வாழ்க்கையை மறுபடி எடுப்பது. வேலை, நட்பு, தாம்பத்தியம், ஊர்த் திருவிழா எல்லாம் இதில் வரும். கட்டங்கள் வரிசை தப்பாமல் வராது. முன்னும் பின்னுமாகப் போவது சகஜம்.

விரலை அசைத்து அதைக் கண்ணால் பின்தொடரச் சொல்கிறார்களே, அது மந்திரமா?

இல்லை. இ.எம்.டி.ஆர். என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1980களின் கடைசியில் உருவாக்கியது. அந்த நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்ணை இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். பெரியவர்களின் பி.டி.எஸ்.டி.க்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிற சிகிச்சைகளில் இதுவும் உண்டு. பலன் இருக்கிறது, ஆனால் அதில் கண் அசைவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்று யாராவது சொன்னால் அங்கே போகாதீர்கள்.

எனக்குச் சின்ன வயது ஞாபகமே இல்லை. தோண்டி எடுத்துத் தருவீர்களா?

மாட்டேன். ஹிப்னாடிசம் செய்து மறைந்த நினைவை எடுக்கிறோம் என்பது ஆபத்தான வேலை. நடக்காத ஒன்றும் நடந்தது போலவே பதிந்துவிடும். இன்றைக்கு உங்களுக்கு இருக்கிற தொல்லையை வைத்தே சிகிச்சை செய்யலாம், முழுக் கதையும் வேண்டியதில்லை.

மாத்திரை சாப்பிட வேண்டி வருமா?

சிலருக்குத் தேவைப்படும், சிலருக்குத் தேவைப்படாது. அதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்வார். செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்றவை பி.டி.எஸ்.டி.க்குப் பயன்படுபவை. இவை வேலை செய்ய ஆரம்பிக்கவே சில வாரங்கள் ஆகும். தூக்கத்துக்கு என்று மெடிக்கலில் கேட்டு வாங்குகிற அல்பிரஸோலம், குளோனஸிபாம் வகை வேறு. பழக்கத்துக்கு ஆளாக்கும், மனக்காயத்தையும் ஆற்றாது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும்.

சாராயமும் அப்படித்தான். ராத்திரி கனவு வராமல் இருக்கத்தான் பலர் குடிக்கிறார்கள். அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டு விழாது, இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

கோயிலில் வேப்பிலை அடித்து மந்திரித்தோம், கொஞ்சம் நன்றாக இருந்தது. தப்பா?

தப்பே இல்லை. அம்மன் முன்னால் அழுதுவிட்டு வந்தால் மனம் லேசாகிறது என்றால் தாராளமாகப் போங்கள். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அடிப்பதும், சங்கிலி போடுவதும், பட்டினி போடுவதும்தான் தப்பு. அது இன்னொரு காயம், சட்டத்துக்கும் விரோதம்.

இதோடு சேர்த்து ஒன்று. ஆடி மாதம் சேலத்துக்கே திருவிழா. கோட்டை மாரியம்மன் கூட்டமும், பம்பைச் சத்தமும், வெடியும், குகை வண்டி வேடிக்கையில் நெருக்கியடிக்கிற ஜனமும் ஊருக்குச் சந்தோஷம். காயம்பட்ட ஒருவருக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் போய்விடலாம். வரவில்லை என்று சொன்னால் "சாமிக்குக்கூட வராதவ" என்று பேசாதீர்கள். கூட்டம் குறைந்த விடியற்காலையில் கூட்டிப் போங்கள், போதும் என்றால் உடனே திரும்பலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் நாலு நாள் தங்கினால் சரியாகிவிடாதா?

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சியாக நாலு நாள் இருந்தால் யாருக்கும் உடம்பு தேறும். களைப்பு போகும். காயம் அங்கேயும் கூடவே வரும். சொல்லப் போனால் வேலை இல்லாமல் அமைதியாக இருக்கிற இடத்தில்தான் சிலருக்கு நினைவு அதிகமாக வந்து மோதுகிறது. கண்ணை மூடித் தியானம் செய்யச் சொன்னாலும் இதே கதைதான். தியானம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கண்ணைத் திறந்தே இருங்கள், நடந்துகொண்டே மூச்சைக் கவனியுங்கள். 'என்னால் தியானம்கூட முடியவில்லையே' என்று நொந்துகொள்ள வேண்டாம்.

சேலம் சின்ன ஊர். நான் வந்தது வெளியே தெரியுமா?

இந்தப் பயம் நியாயமானது. வெளியே காத்திருக்கும்போது நாத்தனாரின் பக்கத்து வீட்டுக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்த கதை உண்டு. அதனால் நேரத்தை இடைவெளி விட்டுத் தரச் சொல்லி நீங்களே கேட்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. புருஷன் கேட்டாலும் அம்மா கேட்டாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. விலக்கு உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து இருந்தால் சிலரிடம் சொல்ல வேண்டி வரும். இப்போது ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகிறது என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். எதை ரகசியமாக வைப்பீர்கள், எதை வைக்க மாட்டீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"நடந்தது நடந்து போச்சு, மறந்துடு" என்று சொல்வதை நிறுத்துங்கள். மறக்க முடிந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பார்கள். கெட்ட கனவில் அலறினால் உலுக்கி எழுப்பாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், லைட்டைப் போடுங்கள். சிகிச்சைக்குக் கூட வாருங்கள், வெளியே உட்காருங்கள். திரும்பும் வழியில் 'என்ன பேசினே' என்று கேட்காமல் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

எங்கே போவது? எவ்வளவு ஆகும்?

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே புறநோயாளியாகப் பார்க்கக் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாள் என்று விசாரியுங்கள்.

தனியாரிடம் போனால் படிப்பைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு இருக்க வேண்டும். ஒரு வாரக் கோர்ஸ் முடித்துவிட்டு ட்ராமா (மனக்காய) நிபுணர் என்று போர்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். எந்தச் சிகிச்சையில் பயிற்சி எடுத்தீர்கள், எங்கே எடுத்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மலையில் இருந்து ஒவ்வொரு வாரமும் இறங்கி வர முடியாதவர்கள் போனிலும் தொடரலாம். வீட்டில் யாரும் ஒட்டுக் கேட்காத இடமும், சிக்னல் கிடைக்கிற இடமும் ஒன்றாக அமைவதுதான் எஸ்டேட் லைன் வீடுகளில் கஷ்டம். சிலர் வேலை முடிந்து காபித் தோட்டத்து ஓரத்தில் நின்று பேசுகிறார்கள். இருட்டுவதற்கு முன் முடியும்படி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுராத்திரியில் செத்துவிடலாம் போலத் தோன்றினால்?

14416க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலிமானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஏதாவது செய்துகொண்டுவிட்டால் யோசிக்காமல் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது.

சரி, முதல் போனில் என்ன சொல்வது?

இதை அப்படியே பார்த்துப் படிக்கலாம்: "முன்னாடி நடந்த ஒரு விஷயத்தால இப்போ எனக்குத் தூக்கம் சரியில்லைங்க. அதைப் பத்தி இப்போ விவரமா சொல்ல விருப்பமில்லை. இந்த மாதிரி ஆளுங்களைப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்குதுங்களா? எவ்வளவு ஃபீஸ், எப்போ வரலாம்?" இவ்வளவு போதும். எதிர்முனையில் இருப்பவர் "என்ன நடந்துச்சு, முதல்ல அதைச் சொல்லுங்க" என்று துருவினால் நன்றி சொல்லி வைத்துவிட்டு, வேறொருவரைக் கூப்பிடுங்கள்.